ஒரு கீறு குறைந்த மனம்

1985 ஒக்ரோபர் 8, செவ்வாய்

இந்த வீட்டு வேலைக்கு வந்து மூன்றாவது கிழமை. இன்றைக்கும் மல்வேர்ன் பஸ் பிந்திவிட்டது. புறோட்வியூ ஸ்ரேசனில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்த் தட்டினேன். மிஸ்டர் இனாபா கதவைத் திறந்து முதலில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார், கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

எண்பது வயது. தனி ஆள். மனைவி ஹனா செத்து இரண்டு வருடம். ஏஜென்சி என்னைச் செவ்வாயும் வெள்ளியும் அனுப்புகிறது. சமைக்க, துடைக்க, அவர் குளிக்கும்போது வெளியே நின்று ‘ஓகேயா?’ என்று கேட்க. கடைசி வேலைதான் அவருக்குப் பிடிக்காது. ‘மூழ்கினா நானே கூப்பிடுவன்’ என்கிறார். (அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் இரண்டு நொண்டிகள் தோளில் கை போட்டு நடப்பது மாதிரி. அவர் சொல்வதை இங்கே எங்கட மட்டக்களப்புப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.)

ஜப்பானில் பழைய சீன நூல்கள் படிப்பித்த ஆசிரியராம். படமும் கீறுவார். கறுப்பு மை மட்டும். மலை, மூங்கில், ஓரத்தில் நாலு வரி எழுத்து. மேசையில் கடதாசி விரித்திருந்தால் நான் சாப்பாட்டுக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு இருபது வருடம் ஒரு சலவைக் கடையில் மற்றவர்களின் சேட்டுகளை மினுக்கிச் சீவித்திருக்கிறார்.

இன்று பழக்கதோசத்தில் மீன் சூப்பில் மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டேன். மூன்று கரண்டி குடித்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, ‘இது என்ன தண்டனை?’ என்றார். வெள்ளிக்கிழமையும் அதே தண்டனை வேண்டுமாம்.

என் மனுசன் பாக்கியராசாவை ஆமி பிடித்து இன்றோடு எட்டு மாதம். நான் முன்னால் வந்துவிட்டேன், அவர் பின்னால் வர இருந்தார். ரிக்கற் போட இருந்த கிழமை. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த மனுசன். செய்த குற்றம், ஊரில் ஆமி சுட்டுப் போட்ட பொடியன்களைப் பற்றி ஒரு சின்னச் சஞ்சிகையில் எழுதிய இரண்டு கட்டுரை.

1985 ஒக்ரோபர் 25

கிழவர் இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ‘கோ-நே-சு-வா-ரி.’ தனியே இருந்து ஒத்திகை பார்த்திருப்பார் போல.

1985 நவம்பர் 26, செவ்வாய்

பல்கலைக்கழகத்திலிருந்து மிஸிஸ் வொறன் என்று ஒரு அம்மா வந்தா. கிழவரின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப் போகிறா. அவ சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

ஜப்பான் சீனாவுக்குள் படை அனுப்பியபோது இவர் கட்டுரை எழுதியிருக்கிறார். யாருடைய பாட்டுகளை எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமோ அவர்களைக் கொல்லவா எங்கள் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று. பொலிஸ் பிடித்துப் பதினாலு மாதம் மறியலில் அடைத்து வைத்தது. வெளியே வந்த பிறகும் படிப்பிக்கத் தடை, படம் விற்கத் தடை. கிழமைக்கு ஒரு தரம் பொலிசில் போய் முகம் காட்ட வேண்டும். சண்டை முடிந்துதான் ஹனாவைக் கட்டியிருக்கிறார். ஹனா கனடாவிலேயே பிறந்தவ. ஜப்பானிய முகம் என்பதற்காக இங்கே வீட்டைப் பறித்து, முகாமில் வைத்து, பிறகு கண்ணாலும் கண்டிராத ஜப்பானுக்குக் கப்பலேற்றிவிட்டார்களாம். அவவோடுதான் கிழவர் இந்த நாட்டுக்கு வந்தது.

‘ஒருபோதும் தலை குனியாத மனிசர்’ என்று மிஸிஸ் வொறன் சொல்லச் சொல்ல, கிழவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதியதற்காகப் பிடிபட்டவர். என் மனுசனைப் போல. எனக்குக் கிழவர்மேல் திடீரென்று ஒரு உரிமை வந்துவிட்டது. போகும்போது கேட்காமலே சால்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். ஏசவில்லை.

1986 சனவரி 14

தைப்பொங்கல். வெளியே மைனஸ் பதினெட்டு. விடியவே மச்சாள் யோகராணியோடு சேர்ந்து பொங்கினேன். அண்ணன் மாமாங்கத்தின் வீட்டில்தான் நான் இருப்பது. ‘உந்தச் சப்பான்காரருக்கும் கொண்டுபோகப் போறியோ?’ என்று மச்சாள் கேட்டா. யாழ்ப்பாணத்துக்காரி, வாய்தான் அப்படி. பெரிய டப்பாவாகப் பார்த்துப் போட்டதும் அவதான்.

கிழவர் பொங்கல் புக்கையை ருசித்துவிட்டு, ‘சூரியனுக்கு நன்றி சொல்லுற நாளா? இண்டைக்கா?’ என்று ஜன்னலைக் காட்டினார். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. சூரியனைக் காணவில்லை. பிறகு மெல்ல எழும்பி, இரண்டு கையையும் சேர்த்து, அந்தச் சாம்பல் வானத்தைக் கும்பிட்டார். பகிடிக்கு என்று நினைத்துச் சிரித்தேன். பகிடி இல்லை.

1986 மார்ச் 3, திங்கள்

சிவபாதத்தின் கடிதம். என் மனுசனின் தம்பி. ஆமி முகாமுக்குப் போய் இவரைப் பார்த்திருக்கிறான். மெலிந்துவிட்டாராம். இடது காது கேட்கவில்லையாம். ஏன் என்று எழுதவில்லை.

ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறான். எழுதியதெல்லாம் பொய், ஆமியின் பெயரைக் கெடுக்க எழுதியது, இனி எழுதமாட்டேன் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தால் விடலாம் என்று. கடதாசி சிங்களத்தில். இவர் மாட்டேன் என்கிறார். ‘செத்த பொடியன்மார்ர தாய்மாரை நான் பொய்க்காரியாக்க ஏலாது’ என்றாராம். ‘அண்ணி, நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பாரு. என்ன சொல்லுறதெண்டு யோசிச்சு எழுதுங்க. கெதியா.’

அண்ணன் இரண்டு தரம் வாசித்தான். ‘கையெழுத்து வைச்சிட்டு வாறவன மற்றப் பக்கத்து இயக்கம் சும்மா விடுமா, தங்கச்சி? துரோகியெண்டு லைற் போஸ்ரில கட்டிச் சுடுவானுகள்.’

‘அதுக்கு? அந்தாள் உள்ளுக்கை கிடந்து சாகட்டுமோ?’ என்றா மச்சாள்.

இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

என்னத்த எழுத? வையுங்க எண்டா? வையாதீங்க எண்டா? பிழையாப் போனா ஆருட தலையில விழும்? ஏன் என்னட்டக் கேக்கிறாங்க—

1986 மார்ச் 4

யாரிடம் கேட்பது? மறியல் இருந்தவரிடமே கேட்டேன். கடிதத்தை முழுதாகச் சொல்லிவிட்டு, ‘நீங்க கையெழுத்து வைக்கல்லதானே, எப்படித் தாங்கினீங்க? இவருக்கு நான் என்ன எழுதட்டும்?’ என்றேன்.

தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். ‘இண்டைக்கு நீ போ’ என்றார். பதினொரு மணிகூட ஆகவில்லை. சமையலும் முடியவில்லை. போகவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

ரயிலில் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் கண் துடைக்க ஒரு ரிசுக் கடதாசி தந்தா.

1986 மார்ச் 7, வெள்ளி

போகவே மனமில்லை. போனேன். கதவு பூட்டவில்லை. கிழவர் சேட் போட்டு, கழுத்தில் ரை கட்டி, மேசையில் இருந்தார். நான் குசினிப் பக்கம் திரும்ப, ‘இரு’ என்றார். சொன்னதை மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

‘நானும் எழுதிக் குடுத்தனான். பதினோராவது மாசம். அடிக்குப் பயந்து இல்ல. அடி நிண்டே மூணு மாசம். ஒரு நாள் அந்த அதிகாரி நல்ல கடதாசி, நல்ல மை, நல்ல தூரிகை கொண்டுவந்து முன்னால வைச்சான். பதினொரு மாசம் தூரிகை தொடாத கை. மையின்ர மணம் வந்திச்சு. எழுதினன். என்ர கட்டுரை பிழை, நான் மனம் திருந்திட்டன் எண்டு. என்ர சீவியத்தில அதப்போல வடிவா நான் ஒண்டும் எழுதினதில்ல.’

வடிவாக, அழகாக இருந்ததால் வந்த வினை. அதிகாரி அதைப் பிறேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டான். மற்ற மறியல்காரரை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டுவானாம்: படித்த மனிதரே எழுதிவிட்டார், உனக்கென்ன? செகி என்று ஒரு சினேகிதன். அந்தக் கட்டுரையை இவரோடு சேர்ந்து எழுதியவன். அவனையும் கொண்டுவந்து காட்டினார்கள்.

‘மனம் எண்டு எங்கட எழுத்தில எழுத நாலு கீறு போடவேணும். நான் மூணுதான் போட்டன். வேணுமெண்டு. பொலிசுக்காரனுக்கு விளங்காது, செகிக்கு விளங்குமெண்டு நினைச்சன்.’

செகி அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு சிரித்தானாம். காவலாளி வந்து சொன்னது அவ்வளவுதான். செகி கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த மாரியில் சளிக்காய்ச்சல் வந்து உள்ளேயே செத்துப்போனான். முப்பத்தொரு வயது.

‘அந்தக் குறைஞ்ச கீறக் கண்டு சிரிச்சானா, என்னை நினைச்சு ஏளனமாச் சிரிச்சானா? அம்பது வருசமாத் தெரியா. ஹனாவுக்கும் நான் சொல்லல்ல. இஞ்ச பேப்பர்காரர் தலை குனியாதவர் எண்டு எழுதினாங்க. வாசிச்சிட்டுப் பேசாம இருந்தன். அது என்ர ரெண்டாவது கையெழுத்து.’

 கேட்க வேண்டியதைக் கேட்கத்தானே வேண்டும். ‘அப்ப இவர் வைக்கிறதா, வேணாமா?’

‘அத நான் சொல்ல ஏலாது. நடந்ததச் சொல்லுறன். செகியின்ர பெண்சாதிக்கு ஒரு நல்ல பேர் கிடைச்சது. ஹனாவுக்கு ஒரு மனுசன் கிடைச்சான். குறட்டை விடுற, சூப்பில குற்றம் சொல்லுற ஒரு மனுசன்.’ பிறகு சொன்னார்: ‘கை கூசும். அதையும் அவருக்கு எழுது. கூசாதெண்டு பொய் எழுதாத.’

நான் சொன்னேன், கோபமென்றால் செகி துப்பியிருப்பார், கத்தியிருப்பார். கனநேரம் பார்த்துவிட்டு வெறுப்பில் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று.

‘நீ அவனக் கண்டதில்ல.’

‘இப்ப நீங்க சொல்லத்தானே கண்டன்.’

சமைக்கவில்லை. இரண்டு பேரும் பாணும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். முதல் தடவையாக ஒரே மேசையில்.

1986 மார்ச் 8

ஆறு கடதாசி கிழித்து ஏழாவதில் எழுதிவிட்டேன்.

‘மச்சான், வையுங்க. நீங்க எழுதினது உண்மையெண்டு எனக்குத் தெரியும், அந்தத் தாய்மாருக்கும் தெரியும். சிங்களக் கடதாசி ஒண்டால அது பொய்யாகிப் போகாது. நான் வீரனக் கலியாணம் கட்டல்ல. மீனில முள்ளெடுத்துத் தாற மனுசனக் கட்டினனான். கை கூசும். இஞ்ச அது தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாரு. கூசினாலும் வாங்க. ஊருக்குப் போகவேணாம், நேரே கொழும்புக்கு வாங்க.’

அண்ணனுக்குக் காட்டவில்லை.

1986 ஏப்ரல் 1

கிழவர் மிஸிஸ் வொறனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி நிற்கவைத்துக்கொண்டு சொன்னார். அவவின் பேனை பாதியில் நின்றுவிட்டது. ‘இனிக் கண்காட்சி வேணாமெண்டா எனக்குக் கவலையில்ல’ என்றார். அவ பேனையை மூடி வைத்துவிட்டு, ‘வேணும், ஆனா இதையும் போட வேணும்’ என்றா. அவ போன பிறகு பார்த்தால் கிழவரின் சேட்டின் முதுகு தொப்பமாக நனைந்திருக்கிறது. மாற்றச் சொன்னால் மாட்டேனாம். பிடிவாதம்.

1986 யூலை 8

பதில் இல்லை. கிழவர் இப்போது கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறார். மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

1986 செப்ரெம்பர் 19, வெள்ளி

விட்டுட்டாங்க. விட்டுட்டாங்க!

காலையில் கொழும்பிலிருந்து சிவபாதம் ரெலிபோன் எடுத்தான். இவர் அவனோடுதான் நிற்கிறார். ‘குடு அவருட்ட’ என்றேன். ‘அண்ணன் கதைக்கமாட்டாராம், அண்ணி’ என்றான். களைப்பாக இருக்கும்.

கிழவருக்குச் சொன்னேன். எழும்பி நின்று எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். பதிலுக்கு நானும் குனிய, தலையும் தலையும் முட்டிக்கொண்டன. எனக்கு வீங்கிவிட்டது. தனக்கு ஒன்றுமில்லையாம், சீனநூல் படித்த தலை கல்லுத் தலையாம்.

1986 டிசெம்பர் 12

இவருடைய முதல் கடிதம். மூன்று வரி. சுகம். விசாப் படிவம் கிடைத்தது. குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும்.

கோணேசு என்றுகூட எழுதவில்லை.

1987 யூன் 13, சனி

வந்துவிட்டார்.

எயர்போட்டில் முதலில் நான் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. வலது பக்கமாக நின்று கதைக்க வேண்டும். அண்ணன் கட்டிப்பிடித்து அழுதான். இவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார், வேறு யாருடைய வீட்டுச் சாவுக்கோ வந்தவர்போல.

வீட்டில் மீன் வைத்தேன். முள்ளெடுத்து என் கோப்பையில் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் முள்ளெடுத்தார்.

1987 ஓகஸ்ட் 15

அங்கே இந்தியாவோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது. முகாமில் இருப்பவர்களை விடுகிறார்களாம். கடதாசியும் இல்லை, கையெழுத்தும் இல்லை, பஸ்ஸில் ஏற்றி விடுகிறார்களாம். அண்ணன் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போய், இவர் இருப்பதைக் கண்டு நிறுத்தினான்.

‘பதினொரு மாசம்’ என்றார் இவர். என்னைப் பார்த்துத்தான். ‘இன்னும் பதினொரு மாசம் பொறுத்திருந்தா நானும் சும்மா வந்திருப்பன். நீ எழுதினபடியாலதான் வைச்சன்.’

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஓம், நான்தான் எழுதினன். அந்தப் பதினொரு மாசத்தில மற்றக் காதும் போயிருந்தா? உசிரே போயிருந்தா? ஒப்பந்தம் வருமெண்டு எனக்கு ஆர் சொன்னது? திருப்பிக் கேட்டாலும் அதையேதான் எழுதுவன். — ஆனா அவருட்ட இதச் சொல்ல ஏலாம இருக்கு. அவர் சொன்னதும் பொய்யில்லையே.

1987 ஓகஸ்ட் 18

கிழவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லுவார் என்று நினைத்தேன். ‘அவர் சொல்லுறது சரி. நீ செய்ததும் சரி. ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கத்தான் வேணும்’ என்றார். பிறகு, ‘கண்காட்சிக்குக் கூட்டிவா’ என்றார்.

‘அவர் ஒருத்தரோடயும் கதைக்கிறாரில்ல.’

‘கதைக்க ஆர் கேட்டது? படம் தூக்க ஆள் வேணும். கிழவனுக்கு ஏலாதெண்டு சொல்லு.’

1987 ஒக்ரோபர் 23, வெள்ளி

கண்காட்சி. இவர் வந்தார். இருபத்தேழு படத்தையும் மத்தியானமே தூக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததுபோல் கதவோரம் நின்றார். நல்ல கூட்டம். மலைகள், மூங்கில்கள், மழையில் ஒரு பாலம். ஹனாவின் முதுகுப் பக்கம் ஒன்று, தலை பின்னிக்கொண்டிருக்கிறா. அது எனக்கு மிகவும் பிடித்தது.

கடைசிச் சுவரில் படமில்லை. எழுத்து மட்டும். அன்றைக்கு மறியலில் எழுதியதை நினைவில் இருந்து அப்படியே திரும்ப எழுதியிருக்கிறார், ஒரு கீறு குறைத்து. கீழே ஆங்கிலத்தில் ஒரு அட்டை. இதை நான் முப்பத்துமூன்று வயதில் எழுதிக் கொடுத்தேன். என் நண்பன் செகி எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே இருக்கும் படங்கள் எல்லாம் நான் அதற்குப் பிறகு கீறியவை.

ஒரு வயதான ஜப்பானியர் அதை வாசித்துவிட்டு, கிழவரின் முன்னால் வந்து நின்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இருபது வருடமாகப் புதுவருடத்துக்கு வீட்டுக்கு வருகிறவராம். கிழவர் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போய் நின்றேன். என் கைக்குள் கையை வைத்தார். குளிர்ந்துபோய் இருந்தது.

இவரைத் தேடினேன். அந்த அட்டைக்கு முன்னால் நின்றார். ஆட்கள் வந்து வாசித்து விலகிப் போகிறார்கள், இவர் மட்டும் நகரவில்லை. எல்லாரும் போன பிறகு கிழவரிடம் வந்து, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் கேட்டார்: இப்பவும் கை கூசுமா என்று.

‘கூசும்’ என்றார் கிழவர். ‘ஆனா இப்ப மூட்டுவாதமும் சேந்திட்டுது. எது எதெண்டு பிரிக்க ஏலாம இருக்கு.’

இவர் சிரிக்கவில்லை. குனிந்து, கிழவரின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்ததைக் கட்டிவிட்டார்.

1988 சனவரி 9

இவருக்குத் தளபாடத் தொழிற்சாலையில் வேலை. சம்பளம் பரவாயில்லை, முதுகுதான் பாவம். வீட்டில் இன்னமும் அளந்துதான் பேச்சு. சனிக்கிழமைகளில் கிழவரின் வீட்டுக்கு என்னோடு வருகிறார், எனக்கு அங்கே வேலையில்லாத நாள் என்றாலும். இன்று குழாய் திருத்தினார். கிழவர் பக்கத்தில் நின்று பிழை பிழையாக யோசனை சொன்னார்.

1988 ஏப்ரல் 16, சனி

இரண்டு நாளாகக் காய்ச்சல். கிழவருக்கென்று வைத்த சாப்பாடு கிடக்கிறதே என்று எழும்பினேன். ‘நீ படு. நான் குடுத்திட்டு வாறன்’ என்று டப்பாவை எடுத்துக்கொண்டு இவர் தனியாகப் போனார். காலை பதினொரு மணிக்கு.

மூன்று மணிக்கு ரெலிபோன். கிழவர். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோலக் குரல்.

‘கோநேசுவாரி, உன்ர மனுசன் ரெண்டு மணித்தியாலமாக் கதைச்சுக்கொண்டே இருக்காரு.’

‘என்ன கதைக்கிறாரு?’

‘தெரியா. இங்கிலீசிலதான் தொடங்கினாரு. மறுகா தமிழுக்குப் போயிட்டாரு. போனது அவருக்கே தெரியல்ல எண்டு நினைக்கன். காதத் தொட்டுக் காட்டினாரு. ரெண்டு தரம் அழுதாரு. எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல. விளங்கல்ல எண்டு சொல்லட்டா?’

வந்து பத்து மாதம். அந்த முகாமைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

‘வேணாம்’ என்றேன். ‘கேட்டுக்கொண்டிருங்க.’

‘தலையாட்டிக்கொண்டிருக்கன். அது போதுமா?’

‘போதும்.’

‘தேத்தண்ணி போட எண்டு சொல்லிட்டு எழும்பி வந்தன். போகவேணும். அந்தரத்தில நிப்பாட்டியிருக்காரு.’ வைத்துவிட்டார்.

இவர் வரும்போது ஏழு மணி. ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்டேன்.

‘சும்மாதான். கதைச்சுக்கொண்டிருந்தம்.’

காய்ச்சல் பார்க்க என் நெற்றியில் கையை வைத்தார். காய்ச்சல் விட்டிருந்தது. கையை எடுக்கவில்லை.